பன்னிரண்டு முதல் மூன்று வரை: ரஷ் லிம்பாவின் நேரம் யாருக்குப் போனது?

2021 பிப்ரவரி 17, புதன்கிழமை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நண்பகல் பன்னிரண்டு மணிச் செய்தி முடிந்ததும், நூற்றுக்கணக்கான வானொலி நிலையங்களில் ஒரே சமயத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அந்த நேரத்தில் ஒரே மனிதரின் பேச்சைக் கேட்டுப் பழகியிருந்த நேயர்களிடம், தன் கணவர் ரஷ் லிம்பா அன்று காலை இறந்துவிட்டார் என்று கேத்ரின் லிம்பா அறிவித்தார். நுரையீரல் புற்றுநோய். வயது 70.

லிம்பாவின் வலதுசாரி அரசியல், அவருடைய நாக்கு காயப்படுத்திய மனிதர்கள், குடியரசுக் கட்சியின் மேல் அவருக்கு இருந்த பிடி ஆகியவை குறித்து எழுதப்பட்டவை மலைபோல் குவிந்திருக்கின்றன. நான் எடுத்துக்கொள்வது அவர் காலியாக விட்டுச்சென்ற மூன்று மணி நேரத்தை. அந்த நேரம் எப்படி உருவானது, எந்தெந்தக் கைகளுக்கு மாறியது, அவர் போன பிறகு அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று தொடர்ந்து பார்த்தால், அமெரிக்க வணிக வானொலியின் எலும்புக்கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆகவே நாள் முழுவதும் அரசியல் பேசியே பிழைக்கும் வானொலி நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

நிமிடங்களில் கொடுக்கும் விலை

அகில இந்திய வானொலியில் டெல்லியிலிருந்து செய்திகளை அஞ்சல் செய்வது நமக்குத் தெரியும். திருச்சியும் நெல்லையும் கோவையும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள். தலைமை சொல்வதை அஞ்சல் செய்கின்றன. லிம்பாவின் குரல் நாடெங்கும் போன வழியான சிண்டிகேஷன் என்பது வேறு ஏற்பாடு. ஓரிடத்தில் ஒரு நிகழ்ச்சி தயாராகிறது. அதை வெவ்வேறு முதலாளிகளுக்குச் சொந்தமான நிலையங்கள், ஓர் ஊருக்கு ஒன்று என்ற கணக்கில், ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்கின்றன.

விலைதான் இதில் சுவாரசியமானது. பெரும்பாலான நிலையங்கள் நிகழ்ச்சிக்குப் பணம் தருவதில்லை, நேரம் தருகின்றன. ஒவ்வொரு மணி நேரத்திலும் சில நிமிடங்கள் நிகழ்ச்சியைத் தயாரித்தவருக்கு. அந்த நிமிடங்களில் அவர் நாடு தழுவிய விளம்பரங்களை விற்றுக்கொள்வார். மீதமுள்ள விளம்பர நிமிடங்களை நிலையம் தன் ஊர் மரச்சாமான் கடைக்கும் கார் விற்பனையாளருக்கும் விற்றுக்கொள்ளும். வானொலித் தொழிலில் இதைப் பண்டமாற்று என்றே அழைக்கிறார்கள். லிம்பாவின் நிகழ்ச்சி அளவுக்குத் தேவை மிகுந்துவிட்டால், நிமிடங்களோடு சேர்த்து ரொக்கக் கட்டணமும் கேட்கலாம். அவருக்காகக் கேட்டார்கள், கிடைத்தது.

இப்போது ஒரு சிறு நகர நிலைய முதலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். நண்பகலில் மூன்று மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் பேசுபவர் ஒருவர், தயாரிப்பாளர் ஒருவர், வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டு வடிகட்டி உள்ளே அனுப்ப ஒருவர் வேண்டும். மூன்று பேருக்கும் மாதாமாதம் சம்பளம். அவர் பேச்சு பிடிக்காவிட்டால் மேயர் முதல் மளிகைக்கடைக்காரர் வரை அலுவலகத்துக்கே வந்து சண்டை போடுவார்கள். இன்னொரு பக்கம், கூரைமேல் ஒரு செயற்கைக்கோள் தட்டு. அதில் நாட்டின் மிகப் பிரபலமான குரல் வந்து இறங்குகிறது. முதலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் இருந்தால் என் கையும் அந்தத் தட்டை நோக்கித்தான் போயிருக்கும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதே இல்லை. வானொலியில் பேசும் கலையைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வேறெங்கும் கிடையாது. ஊர் பேர் தெரியாத நிலையத்தில், கேட்க ஆளில்லாத நேரத்தில், தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் அது வரும். அப்படிப்பட்ட நேரங்களைச் சிண்டிகேஷன் விழுங்கிக்கொண்டே போகிறது. அது விற்பதற்கோ அந்த நேரங்களில் வளர்ந்த குரல்கள்தான் வேண்டும். லிம்பாவின் கதையை முதலிலிருந்து படிக்கும்போது இது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது.

வேலை போன மனிதர்

மிசௌரி மாநிலத்தின் கேப் ஜிரார்டோ என்ற ஆற்றங்கரை ஊரில் 1951இல் பிறந்தவர் லிம்பா. பள்ளி நாள்களிலேயே உள்ளூர் நிலையத்தில் பாட்டுத்தட்டு சுழற்றியவர். பிறகு பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் வேறொரு பெயரில் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். அடுத்து கான்சஸ் சிட்டி. போன இடமெல்லாம் வேலை போனது. ஒரு கட்டத்தில் வானொலியே வேண்டாம் என்று கான்சஸ் சிட்டி ராயல்ஸ் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். 1983இல் அதே ஊரின் கேஎம்பிஇசட் நிலையத்துக்குத் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே அங்கிருந்தும் அனுப்பப்பட்டார். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் கேஎஃப்பிகே நிலையம் ஓர் இடத்தை நிரப்ப ஆள் தேடிக்கொண்டிருந்தது. மார்ட்டன் டவுனி ஜூனியர் விட்டுப்போன இடம். 1984இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த ஊர்தான் அவரைச் செதுக்கியது. விருந்தினர் இல்லாமல் தனியாளாகப் பேசுவது, அரசியலை நையாண்டியும் பாட்டும் கலந்து கொடுப்பது, அழைப்பவர்களைத் தன் வசதிக்கு ஏற்ப ஆட்டிவைப்பது எல்லாம் உருப்பெற்றது அந்த நான்கு ஆண்டுகளில்.

அவரை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவர் எட் மெக்லாக்லின். ஏபிசி வானொலி வலையமைப்பின் தலைவராக இருந்து விலகி, ஈஎஃப்எம் மீடியா என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பகல் நேரம் உள்ளூருக்கே உரியது என்பது அன்றைய வானொலிக்காரர்களின் வேதவாக்கு. நாடு தழுவிய பேச்சு நிகழ்ச்சி என்றால் இரவில்தான். லாரி கிங் 1978 முதல் மியூச்சுவல் வலையமைப்பில் நள்ளிரவு கடந்துதான் பேசிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில், நியூயார்க்கிலிருந்து ஒருவர் பேசுவதை அயோவா விவசாயி ஏன் கேட்கப்போகிறார் என்று எல்லோரும் கேட்டார்கள். மெக்லாக்லின் அந்த வேதவாக்கை மீறினார். 1988 ஆகஸ்ட் 1 அன்று டபிள்யூஏபிசி நிலையத்தின் கூடத்திலிருந்து 56 நிலையங்களுக்கு நிகழ்ச்சி போனது. சில ஆண்டுகளில் அது 600 நிலையங்களைத் தாண்டியது.

இதற்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது ஒரு விதியின் மறைவு. சர்ச்சைக்குரிய பொது விவகாரங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்துவந்த நியாயக் கோட்பாட்டை, 1987 ஆகஸ்டில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் கைவிட்டது. ஒரு பக்கமாகவே மூன்று மணி நேரம் பேசும் துணிவு நிலையங்களுக்கு அதன் பிறகுதான் வந்தது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு காரணத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது சரியில்லை என்று நினைக்கிறேன். 1970களின் இறுதியிலேயே பாட்டு கேட்பவர்கள் ஒலித்தரம் மேம்பட்ட எஃப்எம் பக்கம் போய்விட்டார்கள். ஏஎம் அலைவரிசையில் இருந்த பெரிய நிலையங்கள் ஆளில்லாத மாளிகைகளாகிக்கொண்டிருந்தன. பாட்டுக்குப் பேர்போன டபிள்யூஏபிசியே 1982 மே 10 அன்று பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சுக்கு மாறிய நிலையம்தான். செயற்கைக்கோள் வழி அனுப்புவது மலிவாகியிருந்தது. 800 என்று தொடங்கும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருந்தது. எந்த மூலையிலிருந்தும் காசில்லாமல் அழைக்கலாம். மாளிகை காலி, வண்டி மலிவு, வாசலில் காவலும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பேசத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்தார்.

பேசத் தெரிந்தவர் என்பதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. 2001இல் அவருடைய காது முற்றிலும் கேட்காமல் போனது. நேயர்களின் அழைப்பை நம்பி நடக்கும் நிகழ்ச்சி அது. அழைப்பவர் சொல்வதை உதவியாளர் ஒருவர் உடனுக்குடன் தட்டச்சு செய்ய, திரையில் படித்துப் படித்துப் பதில் சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் செவிக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. நிகழ்ச்சி நிற்கவில்லை. ஒலிவாங்கியின் முன் ஆயிரக்கணக்கான மணி நேரம் பேசிப் பழகிய ஒருவரால்தான் இது முடியும்.

ஒலிபரப்புக் கோபுரம் யாருடையது?

1996 பிப்ரவரியில் கையெழுத்தான தொலைத்தொடர்புச் சட்டம் இந்தக் கதையின் இரண்டாம் பாகத்தைத் திறந்துவைத்தது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு அடியோடு நீங்கியது. பெரிய நகரங்களில் ஒரே முதலாளி எட்டு நிலையங்கள்வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. டெக்சஸின் கிளியர் சேனல் நிறுவனம் சில ஆண்டுகளில் 1,200 நிலையங்களுக்கு மேல் சேர்த்துக்கொண்டது. நிகழ்ச்சிகளும் சேர்ந்தே கைமாறின. 1997இல் ஜேகோர் நிறுவனம் ஏறத்தாழ 5 கோடி டாலருக்கு ஈஎஃப்எம் மீடியாவை வாங்கியது. ஜேகோரைக் கிளியர் சேனல் 1999இல் விழுங்கியது. லிம்பாவின் நிகழ்ச்சி அதன் சிண்டிகேஷன் பிரிவான பிரீமியரின் கைக்கு வந்தது.

நிகழ்ச்சியை விற்பவரும் அதை வாங்கும் நிலையத்தின் முதலாளியும் ஒருவராகிவிட்டார்கள். இதற்கு முன் ஒரு நிலைய மேலாளர் இந்த நிகழ்ச்சி எங்கள் ஊருக்கு ஒத்துவருமா என்று யோசித்து வாங்கினார். இனி யோசிப்பது தலைமை அலுவலகத்தின் வேலை.

இதன் ஆபத்தை விளக்க, வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரத்தை எல்லோரும் காட்டுவார்கள். 2002 ஜனவரி 18 அதிகாலை ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு ஊர் மேல் பரவியது. ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலுக்குச் சொந்தம். எச்சரிக்கை வேண்டிய நேரத்தில் அவற்றிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. நிலையத்தில் போதிய ஆளில்லை என்று ஊர் சொன்னது. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கலாம். வீட்டு வாசலில் நச்சுப்புகை நிற்கும் வேளையில் வானொலியைத் திருகியவர்களுக்கு அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதால் என்ன பயன்?

2008ஆம் ஆண்டு என்னை மிகவும் உறுத்துகிறது. அந்த ஆண்டு லிம்பாவோடு எட்டு ஆண்டுகளுக்கான புதிய ஒப்பந்தம் போடப்பட்டது. கையெழுத்துக்கான முன்தொகையையும் சேர்த்து 40 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலைக் கடன் வாங்கிய பணத்தால் வாங்கி, அந்தக் கடனை அதன் தலையிலேயே ஏற்றிவைத்தன. சில மாதங்கள் கழித்து, 2009 ஜனவரி 20 அன்று, நாடே ஒபாமாவின் பதவியேற்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1,850 பேரை வேலையிலிருந்து நீக்குவதாகக் கிளியர் சேனல் அறிவித்தது. ஊழியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் இன்னொரு சாக்ரமென்டோவில் இன்னொரு லிம்பாவாகவோ, அவருக்கு எதிர்த்தரப்பில் நின்று பேசக்கூடிய ஒருவராகவோ வளர்ந்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் கடன் விடவில்லை. 2018 மார்ச்சில் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடனோடு நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் முக்கியப் போட்டியாளரான கியூமுலஸ் நான்கு மாதம் முன்பே அங்கே போய் நின்றிருந்தது.

நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நடந்த மாற்றம்

2012 பிப்ரவரி இறுதியில், கருத்தடைக்கான காப்பீடு குறித்துச் சட்டம் படிக்கும் ஒரு மாணவி பேசியதற்காக அவரை லிம்பா இழிவாகத் திட்டினார். விளம்பரதாரர்கள் வரிசையாக விலகினார்கள். அவர் ஒருவரை விட்டு மட்டும் அல்ல. பல பெரிய நிறுவனங்கள் பேச்சு வானொலி என்ற வகையையே தவிர்க்க ஆரம்பித்தன. ஒரே குரலை அறுநூறு நிலையங்களில் வைப்பதில் உள்ள ஆபத்தை அப்போதுதான் முதலாளிகள் உணர்ந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வாய்தவறினால் ஒரு நிலையத்துக்கு நட்டம்; இவர் வாய்தவறினால் நாட்டுக்கே. அவருடைய நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்பிய கியூமுலஸின் தலைவர் லூ டிக்கி, புறக்கணிப்பால் விளம்பர வருமானம் சரிந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதே ஏப்ரலில், லிம்பா பேசும் அதே மணி நேரத்துக்கு மைக் ஹக்கபீயைக் கொண்டுவந்து கியூமுலஸ் போட்டி நிகழ்ச்சி தொடங்கியது. நிதானமாகப் பேசும் முன்னாள் ஆளுநர். 2013 டிசம்பரோடு அது முடிந்துபோனது. நிதானம் விலைபோகாதது வருத்தமான விஷயம். ஆனால் அவர் சறுக்கியதற்கு நிதானம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. வானொலியில் மூன்று மணி நேரம் என்பது அரசியல் மேடையில் மூன்று மணி நேரத்தைவிட மிக நீண்டது.

2014 ஜனவரியில் கியூமுலஸுக்கும் கிளியர் சேனலுக்கும் இடையிலான இழுபறி முடிவுக்கு வந்தது. நியூயார்க்கில் லிம்பா, தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திய டபிள்யூஏபிசியை விட்டு டபிள்யூஓஆருக்குப் போனார். டபிள்யூஏபிசி அப்போது கியூமுலஸின் சொத்து. டபிள்யூஓஆரைக் கிளியர் சேனல் 2012இல் வாங்கியிருந்தது. நேயர் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அவர் நகரவில்லை. கோபுரம் யாருடையது என்பதைப் பார்த்து அவரை நகர்த்தினார்கள். டபிள்யூஓஆரின் காலை நேரத்துக்கு ஒரு நீண்ட கதை உண்டு: 1925இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் தவிர, கேம்ப்ளிங் குடும்பத்தின் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை நியூயார்க்கை எழுப்பிய நிலையம் அது. பேரன் ஜான் கேம்ப்ளிங் 2013 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதம் அதே அலைவரிசையில் லிம்பா வந்தார்.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததை இந்த ஆய்வின் மையமாகவே நான் கருதுகிறேன். அங்கே லிம்பா இருந்தது கிளியர் சேனலின் சொந்த நிலையமான கேஎஃப்ஐயில். 50,000 வாட் ஆற்றல் கொண்ட, நகரின் முதன்மையான பேச்சு நிலையம். அவரை அங்கிருந்து எடுத்து, அதே நிறுவனத்தின் நலிந்த 1150 அலைவரிசைக்கு மாற்றினார்கள். முற்போக்கு அரசியல் பேசிக்கொண்டிருந்த அந்த நிலையத்துக்கு கேஈஐபி என்று புதுப்பெயர் வைத்தார்கள். ஈஐபி என்பது லிம்பா தன் நிகழ்ச்சிக்குச் சூட்டிக்கொண்ட எக்ஸலன்ஸ் இன் பிராட்காஸ்டிங் என்ற பெயரின் சுருக்கம். அவர் பெயரிலேயே ஒரு நிலையம்! வெளியே பார்த்தால் மரியாதை.

கேஎஃப்ஐயில் அவர் விட்டுப்போன நேரத்தை நிரப்பியது யார்? உள்ளூர்க்காரர்கள். காலையில் பில் ஹேண்டல், மாலையில் ஜான் கோபில்ட்டும் கென் சியாம்போவும் என்று ஏற்கெனவே வலுவாக இருந்த உள்ளூர் வரிசையை நடுப்பகலுக்கும் நீட்டினார்கள். நாட்டின் மிகப் பெரிய சிண்டிகேஷன் நிறுவனம், தன் கையில் இருந்த மிகச் சிறந்த கோபுரத்தில், தான் விற்கும் மிகப் பிரபலமான சரக்கை எடுத்துவிட்டு ஊர்க் குரல்களை வைத்தது. தெருச் சண்டை, நகராட்சி வரி, நெடுஞ்சாலை நெரிசல் என்று லாஸ் ஏஞ்சலஸ்காரர்களின் பிழைப்பைப் பேசும் நிலையமாகக் கேஎஃப்ஐ நிலைத்து நின்றது. சிறு நகரங்களுக்கு எது போதும் என்று அவர்கள் முடிவு செய்தார்களோ, அது தங்கள் முதல் நிலையத்துக்குப் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. சிண்டிகேஷனுக்கு எதிராக இதைவிட வலுவான வாக்குமூலத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

நான்கு மாதம் ஒலித்த பழைய நாடாக்கள்

லிம்பா நோயை அறிவித்தது 2020 பிப்ரவரி 3 அன்று. ஓராண்டு அவகாசம் இருந்தது. ஆயினும் அவர் இறந்தபோது பிரீமியரிடம் அவருக்கு அடுத்த ஆள் தயாராக இல்லை. பழைய ஒலிப்பதிவுகளை அன்றன்றைய செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடையிடையே டாட் ஹெர்மன், கென் மேத்யூஸ், பிரெட் வின்டர்பிள் போன்ற விருந்தினர்கள் பேச, நான்கு மாதம் நிகழ்ச்சியை ஓட்டினார்கள்.

நேயர்களின் துக்கத்தை மதித்தது ஒரு பகுதி. வணிகக் காரணம் அதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு. நூற்றுக்கணக்கான நிலையங்கள் கையெழுத்திட்டது ஒரு மனிதரின் பெயருக்காக. வேறொரு பெயரை அறிவித்த அன்றே, இவர் எங்களுக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு நிலையமும் வெளியேற வாசல் திறக்கும். பழைய குரல் ஒலிக்கும்வரை அந்த வாசல் மூடியிருக்கும்.

போட்டியாளர் காத்திருக்கவில்லை. கியூமுலஸின் சிண்டிகேஷன் பிரிவான வெஸ்ட்வுட் ஒன், அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸின் முன்னாள் அதிகாரி டான் பொன்ஜீனோவின் நிகழ்ச்சியை 2021 மே 24 அன்று அதே பன்னிரண்டு முதல் மூன்று வரையில் தொடங்கியது. சிகாகோவின் டபிள்யூஎல்எஸ், வாஷிங்டனின் டபிள்யூஎம்ஏஎல் போன்ற கியூமுலஸ் நிலையங்களில் லிம்பாவின் நேரம் அவருக்குப் போனது. மூன்று நாள் கழித்து பிரீமியர் தன் தேர்வை அறிவித்தது: விளையாட்டுப் பேச்சிலிருந்து வந்த கிளே டிராவிஸ், சிஐஏவில் பகுப்பாய்வாளராக இருந்த பக் செக்ஸ்டன், இருவரும் சேர்ந்து. ஜூன் 21 அன்று அவர்கள் குரல் வந்தது. ஐஹார்ட் நிலையங்கள் டிராவிஸ் செக்ஸ்டன் பக்கம், கியூமுலஸ் நிலையங்கள் பொன்ஜீனோ பக்கம். ஒரே கூடையில் இருந்த நேயர்களைக் கோபுரத்தின் சொந்தக்காரர் யார் என்ற ஒரே அளவுகோலால் பிரித்துக்கொண்டார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே இருந்த தனி முதலாளிகளுக்கு மட்டுமே உண்மையில் தேர்வு இருந்தது.

இருவரை நியமித்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். இருவருக்கும் நாற்பதையொட்டிய வயது. லிம்பாவின் நேயர்கள் அவரோடு சேர்ந்து மூப்படைந்திருந்தார்கள். ஒருவரின் நிழலில் ஒருவர் நிற்பதைவிட இருவர் நிற்பது எளிது. ஆனால் தனியாளாக உட்கார்ந்து மூன்று மணி நேரம் கேட்போரைக் கட்டிப்போடும் குரல் ஒன்று நாடு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் அந்த நியமனம் சொல்லாமல் சொன்னது.

லிம்பாவின் அழைப்புகளை முப்பது ஆண்டுகள் வடிகட்டிய ஜேம்ஸ் கோல்டன் டபிள்யூஏபிசிக்குப் போய்ச் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். அந்த நிலையத்தை 2019இல் கியூமுலஸ் விற்க முன்வந்தபோது, மளிகை அங்காடித் தொழிலதிபர் ஜான் கட்சிமாடிடிஸ் கொடுத்த விலை 1.25 கோடி டாலர். 2008 ஒப்பந்தத்தை எட்டால் வகுத்தால் லிம்பாவுக்கு ஓராண்டுக்கு 5 கோடி வருகிறது. அவர் புறப்பட்ட நிலையத்தின் முழு மதிப்பு அவருடைய மூன்று மாத ஊதியம்.

உள்ளூர்க் குரல்களும் தப்பவில்லை

சிண்டிகேஷன் இல்லாத இடத்தில் எல்லாம் நலமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். சான் ஃபிரான்சிஸ்கோவின் கேஜிஓ நிலையம் உள்ளூர்ப் பேச்சால் மட்டுமே முப்பது ஆண்டுக் காலம் விரிகுடாப் பகுதியில் முதலிடத்தில் நின்றது. ரான் ஓவன்ஸ், ஜீன் பர்ன்ஸ், நள்ளிரவில் ரே டாலியஃபெரோ என்று அரசியலின் பல வண்ணங்களும் அங்கே இருந்தன. 2011 செப்டம்பரில் கியூமுலஸ் கைக்கு வந்தது. அதே டிசம்பரில் பேச்சாளர்களில் பெரும்பாலோரை நீக்கிவிட்டுச் செய்தி நிலையமாக மாற்றினார்கள். அந்த ஊரில் கேசிபிஎஸ் என்ற வலுவான செய்தி நிலையம் ஏற்கெனவே இருந்தது. நேயர்கள் விலகினார்கள். 2016 மார்ச்சில் மீண்டும் பெரும் நீக்கம். 2022 அக்டோபர் 6 காலை, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே துண்டித்து, பணத்தைப் பற்றிய பாட்டுகளைப் போட்டார்கள். நான்கு நாள் கழித்து அது விளையாட்டுப் பந்தய நிலையமாகியிருந்தது. கலிஃபோர்னியாவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. அதை அனுமதிக்கக் கோரிய இரண்டு முன்மொழிவுகளையும் அடுத்த மாதமே வாக்காளர்கள் தோற்கடித்தார்கள்.

முப்பது ஆண்டுகள் ஓர் ஊர் தன்னோடு தானே பேசிக்கொள்ள இருந்த இடம் அது. அதை மூடியவர்கள் விடைபெற ஒரு மணி நேரம் கூடக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது; மறைக்க விரும்பவில்லை. கேஎஃப்ஐயும் கேஜிஓவும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆற்றலில், ஒரே வகைப் பேச்சில் இருந்த நிலையங்கள். ஒன்றில் நேயர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மற்றொன்றின் புதிய முதலாளி தான் வாங்கியது என்னவென்று தெரிந்துகொள்ளக் கூட மூன்று மாதத்துக்கு மேல் செலவிடவில்லை.

2025இல் மறுபடியும்

2025 பிப்ரவரி 23 அன்று டான் பொன்ஜீனோ எஃப்பிஐயின் துணை இயக்குநராக அறிவிக்கப்பட்டார். மார்ச் 14, வெள்ளிக்கிழமை, கடைசி நிகழ்ச்சி. நான்கு ஆண்டுகளுக்குள் அதே மூன்று மணி நேரம் மீண்டும் காலியானது. இம்முறை நான்கு மாதம் ஆகவில்லை. மார்ச் 17, திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிக்குப் புதிய குரல் தயாராக இருந்தது. வின்ஸ் கோலியனீஸ்.

அவரை எங்கே கண்டெடுத்தார்கள்? வாஷிங்டனின் டபிள்யூஎம்ஏஎல் நிலையத்தில் பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணிவரை உள்ளூர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நகரமும் அதைச் சுற்றியுள்ள வர்ஜீனியா, மேரிலாண்ட் புறநகரங்களும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். அந்த ஊர்க்காரர்களோடு நாள்தோறும் பேசிப் பழகித் தேர்ந்தவரை எடுத்து நாட்டுக்குக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டபிள்யூஎம்ஏஎல்லில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.